இங்கே ஜெர்மன் மட்டும்

வெள்ளைக்காரர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் தேடி வந்த ஜெர்மன் சார் ஜெயசீலன் கீழே உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, அங்க இன்னா பண்ற?" என்றார் கடைக்காரர் ஆதிமூலம்.

"உஷ்! மெதுவாப் பேசுங்க. மேல போய்ட்டாரா?"

"யாரு, அந்த வெள்ளக்காரரா? போய்ட்டாரு. ஆட்டோ நடேசன்தான் கொண்டாந்து எறக்குனான். 'சார், உங்களத்தான் தேடினு வந்துக்கிறாரு'ன்னு மாடியப் பாத்து ஒரு சத்தம் குடுத்துட்டு, இஸ்கூல் சவாரிக்கு நேரமாச்சுன்னு பறந்துட்டான். நீ இன்னாடான்னா போலீசப் பாத்தவன் மாரி குந்தினுகிற."

"அவரு ஜெர்மன்காரருங்க."

"நீ ஜெர்மன் வாத்தியாருதான?"

"அதாங்க பிரச்சனையே!"

ஜெயசீலனுக்கு வந்த சங்கடம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் வட்டாரத்தில் இதற்கு முன் யாருக்கும் வந்திருக்காது. அவர் ஜெர்மன் படித்தது எந்தப் பள்ளிக்கூடத்திலும் அல்ல. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில். அங்கே ஜெர்மனியிலிருந்து ஒரு பேக்கிங் மிஷின் வந்து இறங்கியது. கூடவே தலையணை கனத்தில் ஒரு விளக்கப் புத்தகம், முழுக்க முழுக்க ஜெர்மனில். மிஷின் நின்றுபோனால் மற்றவர்கள் அதை எட்டி உதைத்தார்கள். ஜெயசீலன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படித்தார். படிக்கப் படிக்கப் பைத்தியம் பிடித்துவிட்டது. மிஷின் மேல் அல்ல, மொழி மேல். வினைச்சொல் பல சமயம் நம் தமிழ் மாதிரியே வாக்கியத்தின் கடைசிக்கு ஓடி வந்து நிற்கிறது என்று கண்டுபிடித்த அன்று, ஷிஃப்ட் முடிந்து வீடு வரைக்கும் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தார்.

பிறகு சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். எழுத்துத் தேர்வென்றால் அவர்தான் முதல் ஆள். வாய்மொழித் தேர்வில்தான் கதை கந்தலாகும். எதிரே ஒரு ஜெர்மன்காரர் வந்து உட்கார்ந்ததும் அவர் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியாகப் போனபோது, "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு அம்மாள் அன்பாகத்தான் கேட்டார். பாகூர் ஏரி எவ்வளவு பெரிய ஏரி! அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட ஜெயசீலனால் வெளியே எடுக்க முடியவில்லை. அந்த அம்மாளே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

ஆனால், கற்றுக்கொடுப்பதில் மனிதர் புலி. உரக்கடை மாடியில் அவர் வகுப்பு ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. இப்போது ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்குப் போகத் துடிக்கும் நர்சுகள் ஆறு பேர் அங்கே படிக்கிறார்கள். பனித்திட்டுக் கிராமத்து ஆரோக்கியசெல்வி நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் நேரே வகுப்புக்கு வருவாள். பிரியதர்ஷினி தனக்கு வந்த மூன்று வரன்களையும் "மொதல்ல ஜெர்மனி, அப்புறம் மாப்ள" என்று திருப்பி அனுப்பியவள். புகழ்வேந்தன் ஆண் நர்ஸ். வயலுக்குத் தண்ணீர் கட்டும்போதும் காதில் ஜெர்மன் பாட்டுத்தான்.

ஆசிரியர் மிஷின் புத்தகத்தில் படித்தவர் என்பதால் மாணவர்களின் ஜெர்மனும் மிஷின் வாடையோடுதான் இருந்தது. நோயாளியை எழுப்பி நடக்க வைப்பதை அந்த வகுப்பில் 'நோயாளியை இயக்கத்துக்குக் கொண்டுவருதல்' என்பார்கள். 'கதவைச் சாத்து' என்பதை 'மூடி முழுமையாகப் பொருந்தியுள்ளதா எனச் சரிபார்க்கவும்' என்பார்கள்.

சண்டைகளும் உண்டு. "மேச ஆம்பள, கதவு பொம்பள, சரி. பொண்ண மட்டும் எதுக்கு சார் அஃறிணையில வெச்சிருக்கானுங்க? இது இன்னா நாயம்?" என்று பிரியதர்ஷினி ஒரு வாரம் கொதித்தாள்.

"அங்க போனதும் அவங்களையே புடிச்சுக் கேளு. அதுக்குத்தான் படிக்கிறோம்" என்றார் ஜெயசீலன்.

வகுப்பின் பெரிய சட்டம் கதவிலேயே தொங்கியது. 'இங்கே ஜெர்மன் மட்டும்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய பலகை. உள்ளே வேறு பாஷையில் வாய் திறந்தவர்கள் தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்து மாடி டிரம்மில் ஊற்ற வேண்டும். ஆரம்பத்தில் டிரம் நிரம்பி வழிந்தது. இப்போதெல்லாம் அடி வற்றிக் கிடந்தது. அந்தக் காலி டிரம்மைத் தட்டிப் பார்ப்பதில் ஜெயசீலனுக்குத் தனிச் சந்தோஷம்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முந்தின நாள் ஒரு போன் வந்து விழுந்தது. சென்னையில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர். "சார், ஜெர்மனி ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க. சொல்லாம கொள்ளாம ஒவ்வொரு சென்டரா வருவாங்க. மாஸ்டர் எப்படிப் பேசறாருன்னு பார்த்துட்டுத்தான் பசங்களை எடுப்பாங்க. நல்லா பேசிடுங்க!"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளில் ஜெயசீலனின் தூக்கம் போனது. தன் நாக்கு ஒட்டிக்கொண்டால் ஆறு பேரின் விமானமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இதோ, மறுநாளே ஆள் வந்தாகிவிட்டது. யூரியா வாடையில் கண் எரிய, ஜெயசீலன் யோசித்தார். சட்டென்று ஒரு வழி பிறந்தது. போனை எடுத்துப் பிரியதர்ஷினிக்குச் செய்தி அனுப்பினார்: 'தொண்டை கட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை. இன்று நீங்களே வகுப்பை நடத்துங்கள்.'

அனுப்பிய பிறகுதான், தான் அதை அனுப்பியிருப்பது நர்சுகளுக்கு என்பது உறைத்தது.

மாடிப்படி தடதடத்தது. பிரியதர்ஷினி, ஆரோக்கியசெல்வி, புகழ்வேந்தன் மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். ஒருத்தி கையில் டார்ச், ஒருத்தி கையில் தெர்மாமீட்டர்.

"சார் எங்க?"

"அந்த ஏழாவது மூட்டைக்குப் பின்னால பாரும்மா" என்றார் ஆதிமூலம், கூசாமல்.

அடுத்த நிமிடம் ஜெயசீலன் ஒரு டிஏபி உர மூட்டை மேல் உட்கார வைக்கப்பட்டார்.

"வாயத் தொறங்க சார். ஆ சொல்லுங்க. இன்னும் பெருசா."

"ஆ..." என்றது தெளிவான, கணீரென்ற குரல்.

ஆரோக்கியசெல்வி டார்ச்சை அணைத்தாள். "தொண்ட கண்ணாடி மாரி கீது சார். வீக்கம் இல்ல, செகப்பு இல்ல, ஜொரமும் இல்ல."

மூன்று நர்சுகளும் அவரையே பார்த்தார்கள். பொய்க்கு வைத்தியம் பார்க்க வந்த கூட்டத்திடம் இன்னொரு பொய்யைத் தவிர அவரிடம் மருந்து இல்லை.

"அது வந்து... வேண்டுதல்" என்றார். "நீங்க எல்லாரும் பாஸாகணும்னு வில்லியனூர் மாதாவுக்கு வேண்டினுகிறேன். இன்னிக்கு ஒரு நாளு வாயத் தொறக்கக் கூடாது. மௌனம்."

"இப்ப தொறந்துட்டீங்களே சார்" என்றான் புகழ்வேந்தன்.

"இதுலேர்ந்து ஆரம்பம்" என்று சொல்லிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார் ஜெயசீலன்.

ஆரோக்கியசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்காகவா சார்? வாங்க சார், நீங்க சும்மா வந்து குந்துங்க. நாங்க பேசறோம். மாதா பாத்துக்குவாங்க."

'ஐயோ, நான் வரவில்லை' என்று சொல்ல வாய் எடுத்தார். மௌன விரதத்தில் அதைச் சொல்ல வழியில்லை. இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, பக்தியோடு மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஏறும்போதே பிரியதர்ஷினி படபடவென்று சொல்லிக்கொண்டு வந்தாள். "சார், வந்ததும் இங்கிலீஷ்ல என்னமோ ஆரம்பிச்சாரு. நான் வுடுவனா? ஒத்த வெரலால போர்டக் காட்டுனேன். படிச்சுப் பாத்தாரு, அசந்துட்டாரு! வாய மூடிக்கினு சிரிக்கிறாரு. டெஸ்ட்டு சார் அது! நம்ம ரூல நம்மளே மீறுறமான்னு பாக்குறாரு!"

"சேர் போட்டா குந்த மாட்டேன்றாரு சார்" என்றான் புகழ்வேந்தன். "நம்மகூடவே முன் பெஞ்சுல குந்தினாரு. எவ்ளோ எளிமை! டிரஸ்ஸப் பாருங்க, தொளதொளன்னு ஒரு பேன்ட்டு, ஜோல்னாப்பை, ரப்பர் செருப்பு. ஆஸ்பத்திரி ஆபீசர்னு யாராச்சும் சொல்லுவாங்களா? மாறுவேஷம் சார், மாறுவேஷம்!"

வகுப்பில் வெள்ளைக்காரர் முன் பெஞ்சில், முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். ஜெயசீலனைக் கண்டதும் எழுந்து நின்று கைகூப்பினார். "குட்டன் மோர்கன்" என்றார், ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி.

ஜெயசீலனின் நாக்கு மேலண்ணத்துக்குப் போனது. அவர் உதட்டில் விரலை வைத்து, வானத்தைக் காட்டி, கும்பிட்டார். வெள்ளைக்காரரும் பயபக்தியோடு உதட்டில் விரலை வைத்து, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு அவர் ஜன்னலைச் சுட்டிக்காட்டினார். "வாஸ் இஸ்ட் டாஸ்?"

இது என்ன என்று கேட்கிறார். ஆறு பேரும் ஒரே குரலில், "டாஸ் இஸ்ட் ஐன் ஃபென்ஸ்டர்!" என்று ஜன்னல் அதிரக் கத்தினார்கள்.

"ஃபென்ஸ்டர்" என்று அவரும் மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியா, நம்ம உச்சரிப்பத் திருத்துறாரு" என்று ஆரோக்கியசெல்வி கண்ணாலேயே பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள்.

மின்விசிறி, டிரம், குடம், கரும்பலகை என்று அவர் விரல் போன இடமெல்லாம் கேள்வி. கேட்டதற்கெல்லாம் பதில், பதிலுக்குப் பதில் கைத்தட்டல். கேட்பவர் முகம் நேரம் ஆக ஆகப் பூரித்துக்கொண்டே போனது. பசங்களுக்கோ தலை கால் புரியவில்லை. ஒரு வருஷமாக யூரியா மூட்டை மேல் விதைத்த ஜெர்மன் கண்ணெதிரே கதிர் விட்டு நிற்கிறதே!

அப்போது சுவரில் ஒரு பல்லி வந்து நின்றது. "வாஸ் இஸ்ட் டாஸ்?"

பல்லிக்கு ஜெர்மனில் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மிஷின் புத்தகத்தில் பல்லி கிடையாது. ஆறு பேரும் திரும்பி ஜெயசீலனைப் பார்த்தார்கள்.

ஜெயசீலனுக்குத் தெரியும். வார்த்தை நெஞ்சில் முட்டியது. தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருப்பது வாத்தியாருக்கு மூச்சை அடக்குவது மாதிரி. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கரும்பலகைக்கு ஓடினார். சாக்பீஸ் உடைய, பெரிதாக எழுதினார். 'ஐடெக்ஸெ.'

வெள்ளைக்காரர் எழுந்து நின்றே கைதட்டினார். பசங்களும் தட்டினார்கள். பல்லி ஓடிவிட்டது. ஜெயசீலனுக்கு முதல்முறையாக ஒரு நப்பாசை வந்தது. இப்படியே எழுதியே இன்றைய பொழுதை ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே!

அந்த ஆசையில் மண் அள்ளிப் போட அவர் மனைவி உஷாராணி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். 'வெள்ளைக்காரர் வந்திருக்கிறார்' என்று ஆதிமூலம் கடை வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லியிருந்ததால், அவளுக்குப் பின்னால் அரைத் தெருவும் மாடிப்படியில் ஏறியிருந்தது. கூட்டத்தில் ஒரு அம்மாள், "எம் மவனுக்கு அங்க டிரைவர் வேல கீதான்னு கேளேன்" என்று யாரையோ இடித்துக்கொண்டிருந்தாள்.

கருவாட்டுக் குழம்பின் மணம் யூரியாவை வென்றது. இலையில் சோற்றைப் போட்டதும் விருந்தாளி அதையும் விடவில்லை. "வாஸ் இஸ்ட் டாஸ்?"

ஆரோக்கியசெல்வி மீனவர் வீட்டுப் பெண். கருவாடு அவள் பாடம். மீன், உப்பு, வெயில், மணல் என்று தெரிந்த ஜெர்மனை எல்லாம் கோத்து ஒரு பிரசங்கமே செய்தாள். "எச்சரிக்கை, உட்பகுதி சூடானது" என்று மிஷின் பாணியில் முடிக்கவும் செய்தாள். அந்த எச்சரிக்கை அவருக்கு எட்டவில்லை. ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார்.

முகம் சிவந்தது. புரையேறியது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

ஆறு நர்சுகளும் பாய்ந்தார்கள். ஒருத்தி முதுகில் தட்டினாள், ஒருத்தி நாடி பிடித்தாள், புகழ்வேந்தன் சட்டைப் பட்டனைக் கழற்றி பி.பி. பட்டையைச் சுற்றினான். எல்லாம் ஜெர்மனில். "பிட்டெ ஆட்மென் ஸீ! பிட்டெ ஆட்மென் ஸீ!" மூச்சு விடுங்கள், மூச்சு விடுங்கள் என்று கோரஸ். அவர் மூச்சு விட்டார். தயிர் கொடுத்தார்கள். "டாங்க்கெ, டாங்க்கெ" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னார்.

பிரியதர்ஷினி வாசலுக்கு வெளியே ஓடி, ஜெர்மன் மட்டும் எல்லையைத் தாண்டிய பிறகு தமிழில் குதித்தாள். "பிராக்டிகலும் பாஸ்! வேணுன்னே பொரையேத்திக்கினாரு! இன்னா ஒரு எக்ஸாமினரு!"

இனி பாக்கி ஒன்றுதான். ஊர் வரவேற்பு. ஆதிமூலம் தோளில் புதுத் துண்டோடு வந்து நின்றார். "வாத்தியாரே, ஊர் மானம். நாலு வார்த்த ஜெர்மன்ல பேசி வரவேற்பு குடு. தோ, துண்ட நான் போத்துறேன்."

ஜெயசீலன் உதட்டில் விரலை வைத்தார்.

"சார் மௌன வேண்டுதல்ல கீறாரு" என்றாள் ஆரோக்கியசெல்வி, வாசலுக்கு வெளியே எட்டி நின்று, பக்தியோடு.

"வேண்டுதலா?" உஷாராணி குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். "காலைல எழுந்ததுலேர்ந்து சட்னியில காரம், தோசையில ஓட்டைன்னு வாய் ஓயாம பேசினு இருந்த மனுசனுக்கு இன்னா வேண்டுதல்?"

ஆறு ஜோடிக் கண்களும் ஜெயசீலன் மேல். கீழே இறங்கவும் வழியில்லை, படியெல்லாம் ஊர்.

பிரியதர்ஷினி பக்கத்தில் வந்தாள். ஒரு குடம் போனால் போகட்டும் என்று தமிழிலேயே கேட்டாள். "சார், நீங்க பேசலன்னா எங்கள எடுக்க மாட்டாங்கன்னு ஏஜென்சில சொன்னாங்களாமே? நாங்க எங்களால ஆனதப் பேசிட்டோம் சார். ஒரு வாட்டி. எங்களுக்காக."

இதைக் கேட்டதும் ஜெயசீலனுக்கு வெட்கம் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் பல்லிக்குப் பேர் தெரியாமலே தைரியமாக நின்றன. தான் பல்லிக்குப் பேர் தெரிந்தும் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி. அதை யாரிடம் சொல்வது? அந்த ஜெர்மன்காரரிடமே. எந்த பாஷையில்? ஜெர்மனில். ஊரே வெளியில் நின்றாலும் ஒரு ஆளுக்கும் புரியப்போவதில்லை. இதைவிடப் பத்திரமான இடம் எது?

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மூடி முழுமையாகப் பொருந்தியுள்ளதா என்று சரிபார்த்தார். வெள்ளைக்காரர் முன் பெஞ்சில், மூக்கை உறிஞ்சியபடி, தயிர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜெயசீலன் எதிரே போய் நின்றார். வாய் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. மிஷின் புத்தகத்தின் முதல் பக்கத்தை நினைத்துக்கொண்டார். நாக்கு பிரிந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, எச்சரிக்கை!" என்று ஜெர்மனில் தொடங்கினார். "இந்த ஆசிரியரில் ஒரு பழுது உள்ளது. தனியாக இருக்கும்போது சீராக இயங்குகிறது. ஜெர்மன்காரர் ஒருவர் ஒன்றரை மீட்டருக்குள் வந்தால் தானாக நின்றுவிடுகிறது. பேச்சுத் தேர்வில் பலமுறை நின்றிருக்கிறது. உதைத்தும் பார்த்தாகிவிட்டது. பயனில்லை."

வெள்ளைக்காரர் கண்ணை இமைக்காமல் கேட்டார். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் ஜெயசீலனுக்கு எண்ணெய் விட்டது மாதிரி இருந்தது. குரல் உயர்ந்தது.

"ஆனால் ஐயா, இந்தப் பழுது உதிரிபாகங்களுக்குப் பரவவில்லை. உதிரிபாகங்கள் என்றால் என் மாணவர்கள். அவர்கள் புதியவர்கள், நல்ல நிலையில் உள்ளவர்கள், நீங்களே இயக்கிப் பார்த்தீர்கள். ஆசிரியர் நின்றுபோனார் என்பதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். அழைத்துச் செல்லுங்கள். மெதுவாகக் கையாளுங்கள். ஐந்து டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள், குளிர் தாங்க மாட்டார்கள். ஆரோக்கியசெல்வி இரவு முழுதும் விழித்திருந்துவிட்டு வகுப்பிலும் தூங்காதவள். புகழ்வேந்தன் வயல் வரப்பில் வினைச்சொல் படித்தவன். பிரியதர்ஷினி உங்கள் இலக்கணத்தோடு சண்டை போடுவாள். போடட்டும், அவள் சொல்வது நியாயம்தான்."

தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் பாதியில்தான் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. நிறுத்த மனமும் இல்லை. பாகூர் ஏரியைப் பற்றிச் சொன்னார், மடை திறந்ததும் தண்ணீர் வயலுக்கு ஓடுவதைச் சொன்னார், அன்றைக்கு அந்த அம்மாளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னார். ஒவ்வொரு வினைச்சொல்லும் அதனதன் இடத்தில் ஓடிப் போய் நின்றது. கடைசியில் மூச்சு வாங்க நின்றபோது அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

வெள்ளைக்காரர் எழுந்தார். அருகில் வந்தார். விரலால் அந்தக் கண்ணீரைச் சுட்டிக்காட்டி, மிக மென்மையாகக் கேட்டார்.

"வாஸ் இஸ்ட் டாஸ்?"

இது என்ன! ஜெயசீலன் ஆடிப்போனார். எவ்வளவு பெரிய கேள்வி! ஒரு மனிதனின் ஆயுளையே அள்ளி ஒரே கேள்வியில் வைத்துவிட்டாரே!

"ட்ரேனெ" என்றார். கண்ணீர்.

"ட்ரேனெ" என்றார் அவரும் மெதுவாக. பிறகு ஜெயசீலனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

ஜெயசீலன் கதவைத் திறந்தபோது காற்றில் மிதந்தார். பேசிவிட்டார்! ஒரு அசல் ஜெர்மன்காரரிடம், நேருக்கு நேர்! வாசலில் ஆறு மாணவர்களும் காதைக் கதவில் வைத்தபடியே நின்றிருந்தார்கள். ஆரோக்கியசெல்வி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிரியதர்ஷினி நிமிர்ந்து நின்று, தெளிவான ஜெர்மனில் சொன்னாள். "டாஸ் கெரேட் இஸ்ட் இன் ஓர்ட்னுங்."

கருவி நல்ல நிலையில் உள்ளது. மிஷின் புத்தகத்தின் கடைசிப் பக்கம். அவரே கற்றுக்கொடுத்தது.

ஊரில் யாருக்கும் புரியாத பாஷை என்று நம்பி மனதைக் கொட்டியவருக்கு, அந்த பாஷை புரிகிற ஆறு பேரை, ஒரு வருஷம் பாடுபட்டு, தானேதான் உருவாக்கி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கப்படுவதா, பெருமைப்படுவதா? முதலில் வெட்கப்பட்டார். அது நிலைக்கவில்லை. புகழ்வேந்தன் அவரைத் தூக்கியே விட்டான். ஆதிமூலம் வெள்ளைக்காரருக்கு வைத்திருந்த துண்டை அவசரத்தில் ஜெயசீலனுக்குப் போர்த்தினார். உஷாராணி கரண்டியால் கூடையைத் தட்டித் தாளம் போட்டாள்.

"சார், நீங்க ஜெர்மன்காரர்கிட்ட பேசிட்டீங்க சார்!" என்று தமிழில் கத்தினான் புகழ்வேந்தன்.

"ஒரு குடம்!" என்றார் ஜெயசீலன், சிரித்துக்கொண்டே.

கீழே ஆட்டோ வந்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடேசன் மேலே வந்தான். புதுச்சேரி டவுனில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஏற்றி நாலு பாஷையில் அரைகுறையாகப் பேசுகிறவன். துண்டையும் கண்ணீரையும் பாதியில் விட்ட சோற்று இலையையும் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரரின் ஜோல்னாப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இன்னா சார், கிளாஸ்ல சேத்துக்கினீங்களா? பிரான்ஸ்காரரு சார், பாவம், பொண்ணக் குடுத்த எடம் ஜெர்மனியாம். சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து எறங்கறதுக்குள்ள நாலு வார்த்த கத்துக்கணும்னு அலையா அலையிறாரு!"